என் கணவர் பிரெஞ்சுக்காரர் ஆன நாடு

என் கணவர் என்னை விட்டுவிட்டு டொமினிக்கன் குடியரசுக்குப் போய்விட்டார். இதை நான் ஒளிப்பதில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் எதையும் ஒளிக்க முடியாது. ஃபொபூர் சேன்-தெனி வீதியில் இருக்கிற பலசரக்குக் கடையில் காசு வாங்குகிற இடத்தில் நிற்பவள் நான். கறிவேப்பிலை வாங்க வருகிற எல்லாரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "அவர் இன்னும் அங்கையோ?" என்பார்கள். "ஓம், அங்கைதான்," என்பேன். அடுத்த கேள்வி அவர்கள் வாய்க்குள்ளேயே நிற்கும். வேறு பொம்பிளையோ என்பதுதான் அது. இல்லை. அப்படி ஒருத்தி இருந்திருந்தால் எனக்குச் சொல்ல இலகுவாக இருந்திருக்கும். கேட்கிறவர்களுக்கும் விளங்கியிருக்கும்.

அவரை இழுத்தது ஒரு நாடு. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த ஒரு மரியாதை.

அவர் பாரிசில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சமையற்காரர். கோப்பை கழுவ என்று போய்ச் சேர்ந்து, காய்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு ஏறியவர். வைனில் ஊறவைத்த மாட்டிறைச்சியை அவர் சமைத்தால் சாப்பிடவென்றே ஆட்கள் வருவார்கள். ஆனால் அவர் அதை ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை. உப்பு சரியோ என்று மணந்து பார்த்தே சொல்லிவிடுவார். அந்த உணவகத்தின் முதலாளியை நாங்கள் வீட்டில் பத்ரோன் என்றுதான் சொல்வோம். இங்கே எல்லா முதலாளிமாருக்கும் அதுதான் பெயர். பத்ரோன் இவரை "நீ" என்பார். இவர் பத்ரோனை "நீங்கள், மிசியூ" என்பார். எங்களுக்குக் கலியாணம் ஆன நாளிலிருந்து அதுதான் வழக்கம். எனக்கு அது கேட்கக் கேட்க எரியும். அவருக்கு எரியவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

2009இல் இலங்கையில், எங்கள் ஊரில், சண்டை முடிந்தபோது அவர் கொஞ்ச நாள் வேலைக்குப் போகவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிறகு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு ஊரைப் பற்றிய கதையே அவர் வாயில் வரவில்லை. தொலைக்காட்சியில் ஊர்ச் செய்தி வந்தால் எழும்பி பல்கனிக்குப் போய்விடுவார். பாரிசுக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில், எட்டாம் மாடியில், எங்கள் பல்கனியிலிருந்து பார்த்தால் எதிரே இன்னொரு மாடிக் கட்டடம் தெரியும். அதன் பல்கனிகளில் சைக்கிளும் உடுப்பும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கும் அப்போது கேட்கிற நிலை இல்லை.

சில வருடங்களில் பத்ரோன் உணவகத்தை விற்றார். வாங்கியவர்கள் அதைத் துணிக்கடை ஆக்கினார்கள். இவருக்கு வேலை போனது. வேலையில்லாதவர்களுக்கான உதவிப் பணத்தில் வீட்டில் இருந்தார். பத்ரோன் மனைவியோடு, கரீபியன் கடலில் இருக்கிற டொமினிக்கன் குடியரசுக்குப் போய், வடக்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கி இருந்தார். அங்கிருந்து ஒரு நாள் இவருக்குப் போன் எடுத்தார்.

"இஞ்சாரும், பத்ரோன் கூப்பிடுறார்," என்று என்னிடம் வந்தார். "ரெண்டு கிழமை வந்து நில்லுங்கோவாம். வீட்டிலை இடமிருக்காம்."

"என்னத்துக்கு?"

"சும்மா. வக்கான்ஸ். லீவு மாதிரி."

"இத்தினை காலமும் உங்களை ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டை கூப்பிடாத மனிசன், இப்ப ஏன் கூப்பிடுறார்?"

ஆனாலும் போனோம். மகள்தான் விமானச் சீட்டை எடுத்துத் தந்தாள். அவள் இங்கே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். "நீங்கள் இரண்டு பேரும் எங்கேயாவது கடலுக்குப் போனதே இல்லையே," என்றாள். கடலைத் தாண்டி வந்தவர்களிடம் அப்படிச் சொன்னாள்.

இறங்கின இடத்திலேயே அது தொடங்கிவிட்டது. இங்கே பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் ஓரமாக நின்ற நாட்கள் உண்டு. இந்தச் சீட்டு எப்போது கிடைத்தது, எப்படிக் கிடைத்தது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவருடைய சீட்டைத் திறந்தாள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், முத்திரையைக் குத்தித் திருப்பித் தந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே? ஒண்டும் கேக்கேல்லை."

அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் மகள் பிறந்த அன்றும் கண்டதில்லை.

முதல் சில நாள் எனக்கும் பிடித்திருந்தது. பொய் சொல்லத் தேவையில்லை. பங்குனி மாதம், பாரிசில் மூன்று உடுப்புப் போட்டுக்கொண்டு ஆர்.இ.ஆர் ரயிலுக்குப் போகிற காலம். அங்கே காலையில் வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நடந்தேன். மாமரத்தில் பூ. பத்ரோன் வீட்டில் வேலை செய்த பெண் எனக்குப் பப்பாளிச் சாறு கொண்டுவந்து வைத்தாள். நான் பிரான்சில் அடுத்தவர்களின் அலுவலகங்களைத் துடைத்திருக்கிறேன், கிழவிகளைக் குளிக்க வார்த்திருக்கிறேன், இப்போது கடையில் நிற்கிறேன். எனக்கு ஒருவர் சாறு கொண்டுவந்து வைத்தது அதுதான் முதல் தடவை. குடித்தேன். இனிப்பாக இருந்தது.

அந்தப் பெண் ஹெயிட்டிக்காரி. பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்தவள். நாற்பது வயது இருக்கும். அவளுக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும் என்பதால் பத்ரோனின் மனைவி அவளையே வைத்திருந்தாள். நானும் அவளும் குசினியில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்.

"மதாம், உங்களுக்குப் பிரான்சில் தங்கப் பேப்பர் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"வீடு?"

"வாடகை வீடு. இருக்கிறது."

அவள் மீனைக் கழுவிவிட்டு யோசித்தாள். "பிறகு ஏன் இங்கே வந்து இருக்கப்போகிறீர்கள்?"

"இருக்க வரவில்லை. இரண்டு கிழமைக்கு வந்தோம்," என்றேன்.

"உங்கள் கணவர் வீடு பார்க்கிறாரே," என்றாள்.

எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. மீன் செதில் கையில் ஒட்டியிருக்க, முன்பின் தெரியாத ஒரு பெண் சொல்லி.

அன்றைக்கு முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்ரோனுக்கு அவர் "நீ" சொல்லிக்கொண்டிருந்தார். வந்த அன்றே பத்ரோன் தோளில் கைபோட்டு, "இனிமேல் நீயும் என்னை நீ என்றே சொல், நாங்கள் நண்பர்கள்," என்று சொல்லியிருந்தார். பிரெஞ்சில் அந்தச் சின்னச் சொல்லைச் சொல்லும்போது இவர் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கித்தான் சொன்னார், சூடான சட்டியைத் துணியில்லாமல் தொடுகிறவர் மாதிரி. ஆனால் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லத் தேவையில்லாத இடத்திலும் சொன்னார். இத்தனை காலமும் அது அவருக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவுடன் அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரு பொம்பிளை இருபத்தைந்து வருசமாக உங்கள் வாயால் நீர் நீர் என்று கூப்பிடப்பட்டு உங்களுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள், அவளிடம் ஒரு நாள் சொல்லியிருக்கலாமே என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்ரோன் வீட்டில் மதியச் சாப்பாடு. அந்த ஊரில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பச்சை மதிலுக்குள் மேசை. பத்ரோன் இறைச்சியை நெருப்பில் வாட்டினார். மாட்டிறைச்சி. இவர் தட்டில் வாங்கிச் சாப்பிட்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும் சாப்பிட்டார். இறைச்சி சாப்பிடுகிறவரை நான் குறை சொல்லவில்லை. சமைத்த காலமெல்லாம் தொடாதவர், பரிமாறப்பட்டவுடன் தொட்டாரே, அதைத்தான் பார்த்தேன்.

அந்த ஆட்களிடம் நான் கேட்டேன், நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று. சண்டைக்குக் கேட்கவில்லை, அறியத்தான் கேட்டேன். ஒருவர் தன் முழங்காலைக் காட்டி, குளிரில் இது நோகும் என்றார். ஒருவர், இங்கே யாருக்கும் அவசரமில்லை என்றார். இன்னொருவர், பிரான்சில் என் ஓய்வூதியத்தில் எலி மாதிரி இருந்திருப்பேன், இங்கே ஆள் வைத்து இருக்கிறேன் என்றார். முதுகுத் தோல் வெயிலில் உரிந்திருந்த ஒரு பெண் வைன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் வெயில் என்பார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். நான் வளர்ந்தது சார்செலில். இப்போது அங்கே போனால் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. லா ஷப்பல் பக்கம் போயிருக்கிறீர்களா? மெத்ரோவை விட்டு இறங்கினால் பிரான்ஸ் முடிந்துவிடும்."

"நான் அங்கேதான் வேலை செய்கிறேன்," என்றேன். "வீடு கார்ஜில். சார்செலுக்குப் பக்கத்தில்."

மேசையில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. "ஐயோ, உங்களைச் சொல்லவில்லை," என்று என் கையைத் தட்டினாள். "நீங்கள் வேலை செய்து வாழ்ந்தவர்கள். பாருங்கள், உங்கள் கணவர் இப்போது எங்களில் ஒருவர்."

என் கணவர் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். "உண்மைதான். லா ஷப்பலில் இப்போது நடக்கவே முடியாது. எனக்கே போகப் பிடிப்பதில்லை," என்று பிரெஞ்சில் சொன்னார்.

அந்தப் பெண் ஏழெட்டு வருடமாக அந்த ஊரில் இருந்தாள். அந்த நாட்டு ஸ்பானிய மொழியில் அவளுக்கு வணக்கமும் நன்றியும்தான் தெரியும். கடைக்காரனுக்கு விளங்காவிட்டால் பிரெஞ்சிலேயே இன்னும் சத்தமாகச் சொல்வாள். மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்ட இடத்தில் ஒரு பெண் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கே இருக்க விருப்பமென்றால் முதலில் எங்கள் மொழியைப் படியுங்கள் என்றாள். நான் படித்தேன். வேலை முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, இருந்து படித்தேன். அந்த மொழியில் இந்த மேசையில் இதைக் கேட்பதற்காகப் படித்தேனோ என்று தோன்றியது.

எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். ஹெயிட்டிக்காரி எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

அடுத்த கிழமைதான் அந்தச் சம்பவம். காலை ஒன்பது மணி இருக்கும். பத்ரோனும் மனைவியும் பின்பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இவரும் முன் முற்றத்தில் நின்றோம். வாசலில் உயரமான இரும்புக் கதவு. அதன் பூட்டுக்குத் திறப்பு இவரிடம் இருந்தது. அதை இவரிடம் கொடுத்து வைத்திருந்ததும் இவருக்கு ஒரு பெருமை. அடுத்த வளவில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் திடீரென்று சத்தம் போட்டார்கள், மதிலேறிக் குதித்தார்கள். வீதியில் கம்பி அடித்த லொறி ஒன்று மெல்ல வந்தது. பேப்பர் இல்லாத ஹெயிட்டிக்காரரைப் பிடித்து எல்லையில் கொண்டுபோய்விடுகிற லொறி. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கம்பியைப் பிடித்தபடி நின்ற ஒருவனின் கையில் இன்னும் சீமெந்து காயவில்லை.

அந்த நேரம் பத்ரோன் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அந்த ஹெயிட்டிக்காரி ஓடிவந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மிசியூ, மிசியூ," என்றாள். சத்தமாகக் கூப்பிடவில்லை. சத்தம் போட்டால் லொறிக்குக் கேட்கும்.

இவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கதவைத் திறவுங்கோ," என்றேன்.

"பொறும். பத்ரோனை ஒருக்கால் கேப்பம்."

"என்னத்தைக் கேக்கிறது?"

"பேப்பர் இல்லாத ஆளை உள்ளுக்கை விட்டால் எங்களுக்கும் பிரச்சினை. நாங்கள் இஞ்சை வெளிநாட்டுக்காரர். உமக்கு விளங்காது."

எனக்கு விளங்காது என்றார். பேப்பர் இல்லாத காலத்தில் லா ஷப்பல் மெத்ரோப் படியில் பொலிசைக் கண்டு, இப்போது நான் வேலை செய்கிற அதே வீதியில் ஒரு இறைச்சிக் கடைக்குள் ஓடி, குளிர் அறையில் கொழுவியிருந்த ஆடுகளுக்கு நடுவே நின்றவர் இவர். அந்தக் கடைக்காரர் ஒரு அல்ஜீரியர். இவரை முன்பின் தெரியாது. யாரையும் கேட்காமல்தான் கதவைத் திறந்தார். இதை இவரே எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

திறப்பை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். விரலில் கீறியும் விட்டது. கதவைத் திறந்து அவளை உள்ளே இழுத்து, குசினிக்குப் பின்னால் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் விட்டேன். லொறி போனது. பத்ரோன் சத்தம் கேட்டு வந்தார். நடந்ததைச் சொன்னோம். "நல்லது, நல்லது, இல்லாவிட்டால் இன்றைக்கு யார் சமைப்பது?" என்று சிரித்துவிட்டுத் திரும்பக் காப்பிக்குப் போனார். இவருடைய முகம் கறுத்தது. திறந்திருந்தால் பத்ரோன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்று இவருக்கு அப்போது தெரிந்தது. அது அவருக்கு வெட்கமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா, எனக்குத் தெரியாது.

அறைக்குள் வந்து, "நான் வீட்டைப் போறன்," என்றேன்.

கட்டிலில் இருந்தார். விரலை வாயில் வைத்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "நான் இஞ்சை நிக்கப்போறன். பத்ரோன் கடற்கரையிலை ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை போடப்போறார். என்னைச் சேர்ந்து செய்யச் சொல்லுறார்."

"சமையற்காரனாய்."

"கூட்டாளியாய்."

"அவர் சொன்னவரோ?"

"சொன்னவர்." விரலை உதறிவிட்டுச் சொன்னார், "இஞ்சை என்னை எல்லாரும் எப்பிடிக் கூப்பிடினம் தெரியுமே? 'பிரெஞ்சுக்காரர்' எண்டு. சந்தைக்குப் போனால், பிரெஞ்சுக்காரர் வாறார் எண்டு இடம் விடுறாங்கள். அங்கை என்னை ஆராவது அப்பிடிச் சொன்னவங்களோ? ஒருத்தன்? ஒரு நாள்?"

"இல்லை," என்றேன்.

"அப்ப என்னை விடும்."

விட்டேன். தனியே பாரிசுக்கு வந்து இறங்கினேன். மழை. ரயிலில் இருக்க இடமில்லை. ஒருத்தன் என் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டுப் போனான். அவனோடு பிரெஞ்சில் நல்லாகச் சண்டை பிடித்தேன். அவன் பேசாமல் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

மூன்று வருடம் கழித்து அவர் வந்தார், கண்ணில் வெண்படலம் எடுக்க. அந்த ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் பிரான்சைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள், உடம்புக்கு ஒன்றென்றால் பிரான்சுக்குத்தான் ஓடி வருவார்கள். இவரும் அப்படியே வந்தார். வெயிலில் நல்லாகக் கறுத்து, வெள்ளைக் காற்சட்டை போட்டு, மெலிந்து வந்தார். கூட்டாளி என்ற பேச்சைக் காணவில்லை. கடையில் சமைப்பதாக மட்டும் சொன்னார். நான் தோண்டவில்லை. கார்ஜில் மகளின் அறையில் படுத்தார். நான் சோறு போட்டேன், கண்ணுக்கு மருந்து விட்டேன். அது வேறு, கோபம் வேறு.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு நாள் என்னோடு லா ஷப்பலுக்கு வந்தார். மெத்ரோவுக்குக் கீழே பையன்கள் கூட்டமாக நின்றார்கள், எங்கெங்கோ இருந்து வந்த பையன்கள், சிகரெட் பெட்டி விற்கிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். மூக்கைச் சுழித்தார்.

"இவங்கள் என்னத்துக்கு இஞ்சை வந்து நிக்கிறாங்கள்? ஆர் இவங்களை உள்ளுக்கை விட்டது?"

சார்செல்காரியின் குரல் அப்படியே இவர் வாயால் வந்தது. நான் நடுத்தெருவில் நின்றேன்.

"அந்த ஹெயிட்டிப் பொம்பிளை எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன்.

"ஆர்?"

"பத்ரோன் வீட்டிலை வேலை செய்தவ."

"ஓ, அவவோ. அவ இப்ப வாறேல்லை. ஒரு நாள் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களாம். பத்ரோன் வேறை ஆள் எடுத்திட்டார்."

காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னார். அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டேன். அவர் வெளியே கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு பார்த்தபோது இல்லை.

அவர் திரும்பப் போகும்போது, "உமக்கெண்டு ஒரு அறை வைச்சிருக்கிறன். யன்னலைத் திறந்தால் கடல்," என்றார். நான் அவருக்குக் கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள் பையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். நாங்கள் பிரிந்தவர்கள் என்று எந்த அலுவலகத்திலும் பதியவில்லை. பதிகிற எண்ணமும் இல்லை.

மகள் குளிர்காலத்தில் ஒருமுறை போய் வருவாள். இந்த முறை வந்து, தன் கைபேசியில் படங்களைக் காட்டினாள். கடற்கரையில் நாலு மேசை, தகரக் கூரை, அவர் ஏப்ரனோடு நிற்கிறார். பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

"அவர் அங்கே சந்தோசமாக இருக்கிறார், அம்மா," என்றாள், பிரெஞ்சில்.

"தெரியும்," என்றேன். "அதைத்தான் என்னாலை பொறுக்க முடியேல்லை."

அவள் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.